நன்னடத்தைக்கு ஒரு பதக்கம்: யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு?

பிரித்தானியத் தரைப்படையில் நேரடியாக அதிகாரியாகச் சேர்ந்த ஒருவர் முப்பது ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் பணியாற்றியிருந்தாலும், 2016ஆம் ஆண்டு வரை நீண்டகாலச் சேவை மற்றும் நன்னடத்தைப் பதக்கத்துக்கு அவர் தகுதியானவர் அல்லர். அதே படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, விதித்த காலம் முழுவதும் ஒழுக்கம் தவறாமல் இருந்தவருக்கு அது கிடைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சிப்பாய்க்குக் கொடுத்த தனி மரியாதை என்று தோன்றும். படைப் பதக்கங்களின் வரலாற்றையும் அவற்றின் விதிகளையும் நெடுநாளாகப் படித்து வரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரி ஒழுங்காகத்தான் நடந்துகொள்வார் என்று படை முன்கூட்டியே நம்பிவிட்டது. சிப்பாய் மட்டும் அதை இருபது ஆண்டுகளுக்கு நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியிருந்தது. இந்தப் பதக்கத்தின் தகுதி விதிகளை அந்தக் கண்ணோடு படித்தால், படை தன் மனிதர்களை எப்படி மதித்தது என்பது வேறு எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகத் தெரிகிறது.

நான்காம் வில்லியம் அரியணை ஏறியது 1830 ஜூன் மாதம். அடுத்த மாதமே தரைப்படைக்கான இந்தப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. கடற்படைக்கு 1831இல் தனிப் பதக்கம் வந்தது. தரைப்படையில் காலாட்படையினருக்கு 21 ஆண்டுகள், குதிரைப்படையினருக்கு 24 ஆண்டுகள் என்று தகுதிக்காலம் வகுத்தார்கள். ஒரே பதக்கத்துக்கு ஏன் இரண்டு அளவு என்ற கேள்வி எழலாம். 1806இல் போர்த்துறைச் செயலாளராக இருந்த வில்லியம் விண்டம், வாழ்நாள் முழுவதற்கும் ஆள் சேர்க்கும் பழைய முறையைத் தளர்த்தி, காலாட்படைக்கு ஏழேழு ஆண்டுகளாக மூன்று தவணை, குதிரைப்படைக்குப் பத்து ஆண்டுகளும் பிறகு ஏழேழு ஆண்டுகளாக இரண்டு தவணையும் என்று சேவைக்காலத்தைப் பிரித்திருந்தார். அந்தத் தவணைகளைக் கூட்டினால் 21, 24 என்ற எண்களே வரும். ஆகவே ஒரு சிப்பாய் தன் இளமையை மொத்தமாகப் படைக்குக் கொடுத்து, ஓய்வூதியத்தின் வாசலில் வந்து நின்ற பிறகுதான் இந்த வெள்ளிப் பதக்கத்தைக் கேட்கும் உரிமையே அவனுக்குப் பிறந்தது.

அந்தக் காலத்துப் படையில் ஒழுங்கைக் காத்தது சவுக்கு. பிரித்தானியத் தரைப்படையில் சவுக்கடித் தண்டனை ஒழிந்தது 1881இல்தான். பதக்கம் பிறந்தபோது, அச்சத்தைத் தவிர வேறொன்றாலும் சிப்பாயைத் திருத்த முடியும் என்ற எண்ணமே பலருக்குப் புதிதாக இருந்தது. 1836 முதல் நன்னடத்தைக்காக நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல் ஊதியமும், சட்டையின் முன்கையில் தைத்துக்கொள்ளும் பட்டைகளும் வந்தன. ஆண்டுகள் கூடக் கூடப் பட்டைகளும் கூடும். ஒரு தவறு செய்தால் பட்டையும் போகும், பென்னியும் போகும். தலை நரைத்த ஒரு சாதாரணச் சிப்பாய், பதவி உயர்வு எதுவும் பெறாமல், கையில் நான்கைந்து பட்டைகளோடு நிற்கும் பழைய நிழற்படங்களைப் பார்க்கும்போது, அந்தப் பட்டைகளுக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டை நினைத்து எனக்கு உண்மையாகவே வணங்கத் தோன்றும்.

தகுதியின் முதல் பாதி காலம். அதில் பெரிய சிக்கல் இல்லை. சேர்ந்த நாளைப் பதிவேட்டில் பார்க்கலாம், சிறையில் கழிந்த நாட்களையும் அனுமதியின்றி ஓடிப்போன நாட்களையும் கழித்துவிடலாம். இரண்டாம் பாதியான நடத்தைதான் சிக்கலானது. நடத்தைக்கு அளவுகோல் எது? படைக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், குற்றம் செய்தவர்களின் பெயரை எழுதிவைத்த பதிவேடு. அதில் பெயர் ஏறாதவன் நல்லவன். மிகுதியாகப் பெயர் ஏறியது குடியால்தான். சம்பள நாளன்று மாலையில் மதுக்கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் நிலைதடுமாறிய ஒருவன், போர்க்களத்தில் எவ்வளவு துணிவு காட்டியவனாக இருந்தாலும், பதக்கக் கணக்கில் பின்தங்கிவிடுவான். பதிவேட்டில் ஏறாத நற்செயல்களைக் கணக்கிட எந்த ஏற்பாடும் கிடையாது. காய்ச்சலில் கிடந்த தோழனுக்கு இரவெல்லாம் காவலிருந்தவனுக்கும், யாருக்கும் ஒரு கை கொடுக்காமல் ஒதுங்கி வாழ்ந்தவனுக்கும் பதிவேடு ஒன்றுபோலவே வெறுமையாக இருக்கும். கட்டளை அதிகாரியின் பரிந்துரையும் வேண்டும் என்ற விதி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. அதே விதி ஒரு மனிதரின் விருப்பு வெறுப்புக்கும் வழி திறந்தது.

படைக்குள்ளேயே இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. கண்டுபிடிக்கப்படாத குற்றங்களுக்கான பதக்கம் என்று பாசறையில் சொல்வார்கள். இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியச் சிப்பாய்கள், இத்தனை ஆண்டு படையின் ரொட்டியைத் தின்றதற்கான பதக்கம் என்ற பொருளில் இதை ரொட்டிப் பதக்கம் என்றே அழைத்தார்கள். கேலி பேசுவது படைவீரர்களின் உரிமை. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கேலியை வெளியில் இருப்பவர்கள் எடுத்துப் பேசும்போது ஏற்க மனம் வருவதில்லை. வெப்பமண்டலப் பாசறைகளில் காலராவையும் வெறுமையையும் தாங்கிக்கொண்டு இருபது ஆண்டுகள் ஒழுங்காக இருப்பது எளிதான செயல் அன்று.

தகுதிக்காலம் பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. குறுகிய காலச் சேவைமுறை வந்த 1870இல் அது 18 ஆண்டுகள் ஆயிற்று. 1977இல் 15 ஆண்டுகள் ஆயிற்று. கடற்படையில் இடையில் பத்து ஆண்டுகள்வரை இறங்கி, பிறகு 1884இல் 15 என்று நிலைத்தது. முதலாம் உலகப் போரின் நடுவில், 1916இல், தரைப்படைப் பதக்கத்தின் கருஞ்சிவப்பு நாடாவுக்கு இரு ஓரமும் வெள்ளைக் கோடு சேர்த்தார்கள். போர்க்களத் துணிவுக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவையின் நாடாவும் அதே நிறத்தில் இருந்ததால், நாடாவை மட்டும் அணியும்போது இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பதே காரணம்.

இந்தப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். சில பதக்கங்களில் பெயர் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அழித்த இடத்தில் இன்னொரு பெயர் இருக்கும். பதக்கம் பெற்ற பின்பு கடுங்குற்றம் செய்து தண்டனை அடைந்தவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறவும் விதி இருந்தது. அதாவது தகுதி என்பது ஒருமுறை அடைந்து முடித்துவிடும் ஒன்றாக இருக்கவில்லை. சீருடையைக் கழற்றும் நாள்வரை அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

நம் மண்ணில் இந்தக் கதை இன்னும் கசப்பானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் இருந்த ஐரோப்பியர்களுக்கு 1848இலேயே நீண்டகாலச் சேவைப் பதக்கம் வந்துவிட்டது. அதே படைகளின் பெரும்பகுதியாக இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அது 1888இல்தான் வந்தது. இடையில் நாற்பது ஆண்டுகள். சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளுக்கு 1837 முதல் பிரித்தானிய இந்திய விருதுநிலை என்ற தனிச் சிறப்பு இருந்தது. ஆனால் அது ஒருசிலருக்கே எட்டியது. 1888இல் வந்த இந்தியப் படைப் பதக்கத்தைப் பெற 20 ஆண்டுச் சேவை வேண்டும். ஒரு முகத்தில் விக்டோரியாவின் உருவமும், இந்தியப் பேரரசி என்று பொருள்படும் கைசர்-இ-ஹிந்த் என்ற பட்டமும், மறுமுகத்தில் தாமரை மலர்களாலும் இலைகளாலும் ஆன கரையும் இருந்தன. அதே ஆண்டில் ஹவில்தார் நிலையினருக்கெனச் சிறந்த சேவைப் பதக்கம் தனியாக வந்தது. அப்போது மதராஸ் படை தனிப் படையாகவே இயங்கிக்கொண்டிருந்தது. பர்மாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறிப் போய்த் திரும்பிய நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர், பதக்கம் வருவதற்கு முன்பே தங்கள் இருபது ஆண்டுகளை முடித்து ஊர் திரும்பியிருந்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு இந்தியா செய்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன், சிறு வருத்தத்தோடு. காலத்தையும் நடத்தையையும் நம் படைகள் தனித்தனிப் பதக்கங்களாகப் பிரித்தன. 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு நீண்டகாலச் சேவைப் பதக்கங்கள் சிப்பாய் முதல் தளபதிவரை எல்லோருக்கும் பொது. ஒரு ஜெனரலின் மார்பில் இந்த மூன்றையும் காணலாம். இருபது ஆண்டு முடித்த ஹவில்தாரின் மார்பில் அவற்றில் இரண்டைக் காணலாம். இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் சிறந்த சேவைப் பதக்கம் ஹவில்தார் நிலைக்கும், நீண்டகாலச் சேவை மற்றும் நன்னடத்தைப் பதக்கம் அதற்குக் கீழ்ப்பட்ட நிலைகளுக்கும் என்ற பழைய பிரிவினை அப்படியே தங்கிவிட்டது. நன்னடத்தை என்ற சொல் இன்றும் கீழ்நிலையினருக்கு மட்டும் உரியதாக இருக்கிறது.

தரைப்படையின் பொறியியல் பிரிவுகளில் ஒன்றான மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, தன் சேவைக்காலம் முழுவதும் அஞ்சிய ஒன்று எதிரியின் குண்டு அல்ல, ரெட் இங்க் என்ட்ரிதான் என்று சொல்வார். கட்டளை அதிகாரி தரும் தண்டனைகளில் கடுமையானவை நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். சிறியவை கருப்பு மையில் ஏறும். விடுப்பு முடிந்து ரயில் தாமதமாகி இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாலும், அதிகாரி மனம் வைத்தால் அது சிவப்பாகலாம். நான்கு சிவப்புப் பதிவுகள் சேர்ந்தால் படையிலிருந்தே விலக்கிவிடலாம் என்ற நடைமுறை நெடுநாள் இருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது: நான்கு பதிவுகள் இருக்கின்றன என்பதை மட்டும் காரணம் காட்டி ஒருவரை விலக்கிவிடக் கூடாது, தவறுகளின் தன்மை, அவர் ஆற்றிய நீண்ட சேவை, கடினமான இடங்களில் அவர் கழித்த காலம், ஓய்வூதியத்துக்கு அவர் எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பதையெல்லாம் கருத வேண்டும் என்றது. பதக்கத்துக்குரிய தகுதியைப் பற்றிய வழக்காக அது இல்லாவிட்டாலும், நடத்தை என்பதைப் பதிவுகளின் எண்ணிக்கையாகச் சுருக்கக் கூடாது என்ற அந்த நியாயம் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒழுங்காக இருப்பது கடமை, கடமைக்கு எதற்குப் பதக்கம் என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க விமானப்படை இந்தக் கேள்வியை நடைமுறையிலேயே சோதித்துப் பார்த்தது. அந்நாட்டில் கடற்படைக்கு 1869 முதலும், தரைப்படைக்கு 1941 முதலும் நன்னடத்தைப் பதக்கங்கள் உண்டு. இருபது ஆண்டுகள் காக்க வைக்காமல், பொதுவாக மூன்றாண்டு நற்சேவைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதிகாரிகளுக்கு அங்கும் இல்லை. 2006இல் விமானப்படை, நன்னடத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படுவதே என்று காரணம் சொல்லித் தன் பதக்கத்தை நிறுத்தியது. மூன்றே ஆண்டுகளில், 2009இல், இடைப்பட்ட காலத்துக்கும் சேர்த்து அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எதிர்பார்க்கப்படும் ஒன்றைத் தொடர்ந்து செய்பவனுக்கும் அங்கீகாரம் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவற்றிலெல்லாம் கனடாவின் முறையே எனக்கு மிகச் சரியானதாகப் படுகிறது. 1949இல் ஏற்படுத்திய கனடியப் படைகளின் அலங்கார விருதுக்கு 12 ஆண்டுச் சேவை போதும். கடைசி எட்டு ஆண்டுகளின் நடத்தை தூய்மையாக இருக்க வேண்டும். சிப்பாயும் அதிகாரியும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள். இளமையில் செய்த தவற்றை மன்னிக்க இதில் இடம் இருக்கிறது. பதவி உயர்ந்தவரும் பதிவேட்டுக்கு மேற்பட்டவர் இல்லை என்ற எண்ணமும் இருக்கிறது.

பிரித்தானியா அந்த இடத்துக்கு வர மேலும் 67 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு, சிப்பாயாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கீழ்நிலையில் கழித்து மேலேறிய அதிகாரிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2016இல் வந்த மாற்றம் எல்லா நிரந்தர அதிகாரிகளையும் சேர்த்துக்கொண்டது; 2014 ஜூலை 29 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்திருக்க வேண்டும் என்று எல்லையும் வகுத்தது. அந்நாளுக்கு முன் ஓய்வு பெற்ற அதிகாரிகள் வருந்துவது நியாயமே. ஆயினும் இதன் பெரிய பயன் சிப்பாய்க்கே என்று நான் கருதுகிறேன். அதே பதக்கம், அதே 15 ஆண்டு, அதே நடத்தைச் சோதனை கர்னலுக்கும் உண்டு என்ற பிறகு, அதை அணியும் கார்ப்பரல் சந்தேகத்துக்குரியவனாக இருந்து தப்பியவன் என்ற பழைய நிழல் விலகிவிடுகிறது. இந்தியாவிலும் நன்னடத்தைப் பதக்கத்தை எல்லா நிலைகளுக்கும் பொதுவாக்க வேண்டும், அல்லது அதை 9, 20, 30 ஆண்டுப் பதக்கங்களின் தகுதி விதிக்குள்ளேயே கரைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்றபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சேவைக்காலமும், பெற்ற பதக்கங்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். காலம் நிறைந்திருந்தும் அதற்குரிய பதக்கம் பதிவாகவில்லை என்றால், சேவை எண்ணைக் குறிப்பிட்டு அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவுக்குப் பெங்களூருவில்.