கொறங்காட்டில் ஒரு தட்டு

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம். கடவில் நின்றாலே எந்த மாடு எங்கே மேய்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி வளர்ந்தவன் 2019இல் பின்லாந்தில் தம்பெரே நகரத்துக்கு வேலைக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் காடு. பைனும் ஸ்புரூஸும் நெருக்கியடித்து நிற்க, இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

மனிதர்கள் நேர்மாறு, தள்ளித்தான் நிற்பார்கள். எதிர்வீட்டுக்காரர் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். நம் ஊரில் பஸ் வருவதற்குள் சம்பளம் வரை விசாரித்துவிடுவார்களே, அது எரிச்சல் என்று நினைத்திருந்தேன். எட்டு மாதத்தில் அதற்கே ஏங்கிப்போனேன்.

அப்புறம் ஒரு ஜூன் மாதம், கூட வேலை செய்பவர் டிஸ்க் கோல்ஃப் ஆடக் கூப்பிட்டார். இரவு 9 மணிக்கு! அங்கே அந்த மாதத்தில் 11 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பந்துக்குப் பதில் வீசி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடையில் போடவேண்டும், 18 கூடைகள். பெரும்பாலும் காசு கிடையாது, காட்டுக்குள் போய் ஆடவேண்டியதுதான். பக்கத்திலிருக்கும் நோக்கியா ஊரில் ஐரோப்பிய ஓபன் போட்டியே பலமுறை நடந்திருக்கிறது. போனுக்குப் பேர் கொடுத்த அதே நோக்கியாதான்.

முதல் நாள் நான் பலத்தைக் காட்டினேன். தட்டு பத்தடியில் மரத்தில் மோதி என் காலடிக்கே திரும்பி வந்தது. காட்டில் தூரம் பிரயோஜனமில்லை. இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு சந்து இருக்கும், அதைப் பார்த்து விடவேண்டும். வலது கைக்காரன் புறங்கையால் வீசினால் வேகம் குறையும்போது தட்டு இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வையும் கணக்கில் வைத்து வலப்பக்க இடைவெளியைத் தேட எனக்கு ஒரு கோடை முழுக்க ஆயிற்று.

அதற்குள் தொலைத்த தட்டுகள் எத்தனையோ. தொலைந்த தட்டைத் தேட விதிப்படி மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில்தான் எனக்கு அந்த ஊர் பழக்கமானது. பின்னால் ஆடிவருபவர்கள், யாரென்றே தெரியாதவர்கள், ஒன்றும் கேட்காமல் புதருக்குள் இறங்கித் தேடுவார்கள். தேடிக்கொண்டே அவுரிநெல்லி பறித்து வாயில் போட்டுக்கொள்வார்கள், கொஞ்சம் பேசவும் செய்வார்கள். தட்டின் அடியில் பேரும் போன் நம்பரும் எழுதி வைப்பது வழக்கம். ஒரு நாள் போன் வந்தது: "உங்கள் மஞ்சள் தட்டு கிடைத்தது." பேசியவர் என் எதிர்வீட்டுக்காரர்!

வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சக ஆட்டக்காரர்கள் அதற்கென்று தனிக் கருவி வைத்திருந்தார்கள். மாட்டுக்கு உண்ணி பிடுங்கி வளர்ந்தவனுக்கு எதற்கு அது?

போன மாசம் லீவில் ஊருக்கு வந்தபோது நான்கு தட்டு கொண்டுவந்தேன். கூடை இல்லை. ஆனால் 1970களில் அமெரிக்கரான எட் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையைக் கொண்டுவருவதற்கு முன்பு மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள். நானும் கடைசி வெள்வேல மரத்தைக் குறியாக வைத்தேன். எதிரில் தடையே இல்லை. அந்தத் தைரியத்தில் ஓங்கி வீசினேன். தட்டு உயரே போய் அந்த மரத்தின் உச்சி முள்ளிலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்பா கயிற்றுக்கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, இதுக்கா அங்க ராத்திரில காட்டுக்குள்ள போற?"

"ஆமாங்ப்பா."

எழுந்துபோய் ஆட்டுக்குக் காய் பறிக்கும் தொரட்டியை எடுத்துவந்தார். இரண்டு உலுக்கு. தட்டுக்கு முன்னால் வேலங்காய் பொலபொலவென்று கொட்ட, எங்கிருந்தோ ஆடெல்லாம் ஓடிவந்தன. நான் தட்டை எடுப்பதற்குள் ஒரு குட்டி அதன் ஓரத்தை மென்று பார்த்துவிட்டது.