‘வறுமையே காரணம்’: ஆய்வேட்டில் ஒரு வாக்கியத்தை அளந்து எழுதுவது

முதல் வரைவு மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வரும்போது பக்க ஓரங்களில் திரும்பத் திரும்ப இருப்பவை இரண்டு குறிப்புகள்: ‘ஆதாரம்?’, ‘எப்படித் தெரியும்?’ இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ தமிழ்மொழி மூலம் இறுதி வருட ஆய்வேடு எழுதும் மலையக மாணவர் பலர் தாம் பிறந்த தோட்டத்தையே களமாக எடுக்கிறார்கள். லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), பெரட்டு (காலையில் வேலை பிரித்துக் கொடுப்பது), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) எல்லாம் அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல. அதனாலேயே வாக்கியங்கள் உறுதியாக வந்து விழுகின்றன. வாழ்ந்து அறிந்தது ஒரு பக்கம் இருக்க, திரட்டிய தரவு எதுவரை பேசுகிறதோ அதுவரைதான் ஆய்வேடு பேச முடியும். அந்த எல்லையை வாக்கியத்துக்குள்ளேயே காட்டுவதுதான் எச்சரிக்கை மொழி. ஆங்கிலத்தில் ‘ஹெட்ஜிங்’ என்பார்கள். மொழியியலாளர் ஜோர்ஜ் லேக்கொஃப் 1972இல் இவ்வகைச் சொற்களை ஆராய்ந்த பின் அந்தப் பெயர் பரவியது.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்: ‘மலையகத்தில் மாணவர் இடைவிலகலுக்கு வறுமையே காரணம்.’ இருப்பது ஐந்து சொற்கள். ஆனால் அவற்றுக்குள் நான்கு பெரிய கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் (தோட்டத்தின் ஒரு பிரிவுதான் ‘கணக்கு’) 40 குடும்பங்களுக்கு வினாக்கொத்து கொடுத்து, 12 தாய்மாரை நேர்காணல் செய்ததாக வைத்துக்கொள்வோம்.

‘மலையகத்தில்’ என்றால் நுவரெலியா, கண்டி, மாத்தளை, பதுளை எல்லாம் உள்ளே வந்துவிடும்; இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. கையில் இருப்பதோ இரண்டு கணக்கு. ‘மாணவர்’ என்கிறோம், பேசியது தாய்மாரோடு. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘காரணம்’ என்ற சொல்லுக்கு, எது முன்னே நடந்தது, வேறு எதுவும் இடையில் இல்லையா என்றெல்லாம் காட்டியாக வேண்டும். ஒரே ஒரு தடவை நிரப்பப்பட்ட வினாக்கொத்து அதைக் காட்டாது. வறுமையும் இடைவிலகலும் சேர்ந்து இருப்பதை மட்டும் காட்டும். கடைசியாக அந்த ‘ஏ’. ஒற்றை எழுத்துத்தான், ஆனால் வேறு எந்தக் காரணமும் இல்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது. போக்குவரத்து, ஆசிரியர் பற்றாக்குறை, தாய் வெளிநாடு போனது எல்லாம் ஒரே அடியில் வெளியே போய்விடும்.

திருத்திய வடிவம் இப்படி வரலாம்: ‘ஆய்வுக்குட்பட்ட இரு கணக்குகளிலும், சாதாரண தரப் பரீட்சைக்கு முன் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளின் தாய்மாரில் பெரும்பாலானோர், வருமானப் போதாமையை ஒரு முக்கிய காரணமாகக் கூறினர்.’ இதில் ஓர் இடத்திலும் ‘லாம்’ இல்லை, ‘கூடும்’ இல்லை. எங்கே, யார், எத்தனை பேர், யார் சொன்னது என்று எழுதியதிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. ‘பெரும்பாலானோர்’ என்பதற்குப் பக்கத்தில் எண்ணையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இது கண்டறிதல். அடுத்து வரும் விளக்க வாக்கியத்தில்தான் வினைமுடிவு தளர வேண்டும்: ‘வறுமை இப்பகுதியில் இடைவிலகலோடு தொடர்புபட்டிருக்கக்கூடும் என இது சுட்டுகிறது.’

இந்த இரண்டாம் வகை வாக்கியத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். தமிழில் உறுதியின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் கடைசிச் சொல். ‘நிரூபிக்கிறது’ என்பதை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. கணிதத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அது போதும். அதற்குக் கீழே ‘காட்டுகிறது’, பிறகு ‘சுட்டுகிறது’, பிறகு ‘இருக்கக்கூடும்’, கடைசியில் ‘இருக்கவும் வாய்ப்புண்டு’ என்று படிகள் இறங்குகின்றன. எதைத் தெரிவு செய்வது என்பதைத் தரவு சொல்லும். வினாக்கொத்து, நேர்காணல், பாடசாலை வரவுப் பதிவேடு மூன்றும் ஒரே திசையில் நின்றால் ‘காட்டுகிறது’ என்று துணிந்து எழுதலாம். இரண்டு தாய்மார் மட்டும் சொன்னதென்றால் ‘வாய்ப்புண்டு’ என்பதற்கு மேலே ஏறக் கூடாது.

‘லாம்’ விகுதியில் ஒரு சிக்கல் உண்டு. ‘தொழிலாளர் மதியத்துக்குப் பின் வேலைக்கு வராமல் இருக்கலாம்’ என்று எழுதினால், வராமல் இருக்க அனுமதி உண்டு என்றும் படிக்க முடியும், வராதிருக்கும் சாத்தியம் உண்டு என்றும் படிக்க முடியும். அனுமதி, உரிமை, தோட்ட ஒழுங்கு பற்றிய அத்தியாயத்தில் இது ஆபத்து. அங்கே ‘கூடும்’ போடுங்கள். ஆனால் ‘கூடும்’ என்பதற்கும் ஒரு பொறி உண்டு: ‘மழைக்குப் பிறகு கொழுந்து வரவு கூடும்’ என்றால் அது அதிகரிக்கும் என்ற உறுதியான கூற்று. ‘அதிகரிக்கக்கூடும்’ என்றால்தான் சாத்தியம். ‘வேண்டும்’ இன்னொன்று. ‘கங்காணி அறிந்திருக்க வேண்டும்’ என்பது ஊகமா, கடமையா? ஊகம் என்றால் ‘அறிந்திருப்பார் என ஊகிக்க இடமுண்டு’ என்று விரித்து, எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எச்சரிக்கை போலத் தோன்றி ஒன்றும் செய்யாத சொற்களும் இருக்கின்றன. ‘எனலாம்’ அதில் முதலாவது. இலக்கியக் கட்டுரைகளைப் படித்துப் பழகிய கை அதைத் தானாகவே எழுதும். வாக்கியத்தின் உறுதி ஓர் அங்குலமும் குறைவதில்லை. ‘கருதப்படுகிறது’ அதைவிடக் கெட்டது. யார் கருதுகிறார்? பெயரும் ஆண்டும் பக்கத்தில் இல்லாத ‘கருதப்படுகிறது’, ஆதாரம் இல்லாததை மூடி மறைக்கிறது. அதைக் காணும் ஒவ்வோர் இடத்திலும் கருதியவர் யாரென்று எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வாக்கியம் போகட்டும்.

‘ஆதாரம்?’ என்று மூன்று தடவை வாங்கியவர், பயத்தில் எல்லா வாக்கியத்துக்கும் ‘ஒருவேளை… இருக்கலாம் எனத் தோன்றுகிறது’ என்று வால் ஒட்டுவதும் நடக்கும். அப்போது அடுத்த வரைவில் வரும் குறிப்பு: ‘நீர் என்னதான் சொல்ல வருகிறீர்?’ ஒரு கூற்றுக்கு ஒரு தளர்வு போதும். செய்த வேலையை எழுதும்போது அதுவும் வேண்டாம். ‘40 குடும்பங்களுக்கு வினாக்கொத்து வழங்கப்பட்டது’, அவ்வளவுதான்.

பதிவான வரலாற்றையும் தளர்த்தக் கூடாது. மலையகத் தமிழர் பலரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் 1948இல் வந்தது. ‘வந்ததாகக் கூறப்படுகிறது’ அல்ல. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது; 150,000 பேரின் நிலை பிற்பாட்டுக்கு விடப்பட்டது. இவை உறுதியான எண்கள். ஆனால் இதே எண்ணை எடுத்து ‘525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்’ என்று எழுதினால் பிழை. ஒப்பந்தத்தில் எழுதியது ஓர் எண். உண்மையில் கப்பல் ஏறியவர்கள் தொகைக்குத் தனி ஆதாரம் வேண்டும். ‘ஒப்பந்தப்படி’ என்ற ஒரு சொல் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றும்.

காரண வாக்கியத்துக்குத் தேயிலையிலிருந்தே ஒன்று. இலங்கையில் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. ‘உரத்தடையால் உற்பத்தி வீழ்ந்தது’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் 2022 என்பது எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் பொருளாதார நெருக்கடியும் இருந்த வருடம். தடை நீங்கிய பின்னும் உரம் எட்டாத விலையில் இருந்தது. ‘வீழ்ச்சிக்கு உரத் தட்டுப்பாடு கணிசமாகப் பங்களித்திருக்கக்கூடும், அதே ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின் பங்கை இத்தரவைக் கொண்டு பிரித்தறிய இயலவில்லை’ என்பது நீளம்தான், ஆனாலும் எந்தப் பரீட்சகரும் அசைக்க முடியாத வாக்கியம்.

நேர்காணலை எழுத்தாக்கும்போது நடக்கும் இழப்பு பலருடைய கண்ணில் படுவதில்லை. அயல் லயத்துப் பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படிப் பேசுவார்: ‘அவங்கம்மா வெளிநாடு போச்சாம், அதோட புள்ள நின்னிருச்சாம். காசு பிரச்சனை மாதிரிதான்.’ ஆய்வேட்டில் அது ‘தாய் வெளிநாடு சென்றதாலும் பணப் பிரச்சினையாலும் பிள்ளை இடைவிலகியது’ என்று ஆகிவிடும். மூன்று விஷயங்கள் தொலைந்தன. இரண்டு ‘ஆம்’, தான் கேள்விப்பட்டதாக அந்தத் தாய் சொன்ன அடையாளம். ‘அதோட’ என்பது அந்தச் சமயத்தில் என்ற பொருளிலும் வரும், அதனால் என்ற பொருளிலும் வரும். ‘சென்றதால்’ என்று நாமே ஒன்றைத் தேர்ந்துவிட்டோம். ‘மாதிரி’ அவருடைய சொந்த ஊகம். பேசியவர் நம்மைவிடக் கவனமாகப் பேசியிருக்கிறார். பதிவில் ‘ஆம்’, ‘மாதிரி’, ‘போல’ ஆகியவற்றைச் சொன்னபடியே எழுதி அடிக்கோடிடுங்கள். பகுப்பாய்வுக்கு வரும்போது ‘தாம் கேள்விப்பட்டதாகக் கூறினார்’ என்று கொண்டுவாருங்கள்.

எண்கள் பற்றிச் சுருக்கமாக. 12 பேரில் 9 பேரை ‘75%’ என்று மட்டும் எழுதினால் பெரிய ஆய்வு போலத் தோன்றும். ‘12 பேரில் 9 பேர்’ என்றே எழுதுங்கள். கைவர்க்கச் சோதனையில் (chi-square) நிகழ்தகவு (p) 0.08 வந்து, பொருண்மை மட்டம் (significance level) 0.05 என்றால், ‘தொடர்பு இல்லை’ என்று முடிக்கக் கூடாது. ‘இம்மாதிரியில் பொருண்மையான தொடர்பு வெளிப்படவில்லை’ என்பதுதான் சரி. மாதிரி சிறிதாக இருந்தால் உண்மையான தொடர்பும் தப்பிப்போகும்.

திருத்தும் வேலைக்கு ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். கணினியில் ‘நிரூபி’, ‘காரணம்’, ‘தாக்கம்’, ‘எல்லா’, ‘அனைத்து’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘எனலாம்’, ‘கருதப்படு’ ஆகியவற்றைத் தேடி ஒவ்வோர் இடத்திலும் நிறுத்துங்கள். கோப்பு ‘பாமினி’ என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யுனிகோட்டில் தட்டித் தேடுவது எதையும் பிடிக்காது. முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். ‘ஏ’யைத் தேடுவது கடினம், அது முன் எழுத்தோடு ஒட்டி ‘யே’, ‘மே’, ‘னே’ என்று வரும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு ‘யே ’ என்று தேடினால் பாதி அகப்படும். மீதிக்கு அச்செடுத்து வாய்விட்டு வாசிப்பதே வழி. குரல் அழுத்தும் இடத்தில் ‘ஏ’யோ ‘தான்’ஓ இருக்கும். பிறகு ஆங்கிலச் சுருக்கத்தை எடுங்கள். தமிழில் ‘இருக்கக்கூடும்’ என்றிருப்பது அங்கே ‘மே’ (may) அல்லது ‘சஜஸ்ட்ஸ்’ (suggests) இல்லாமல் உறுதிக் கூற்றாக மாறியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். தலைப்பையும் பாருங்கள்: ‘வறுமையின் தாக்கம்’ என்பதே ஒரு காரணக் கூற்று. தலைப்பைப் பதிவு செய்த பின் மாற்ற அனுமதி கேட்டு அலைய நேரும். முன்மொழிவிலேயே ‘வறுமையும் இடைவிலகலும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மக்களின் சம்பளமும் லயமும் பற்றி எழுதும்போது ஏன் தயங்கித் தயங்கி எழுத வேண்டும் என்ற கோபம் நியாயமானது. ஆனால் ‘இருநூறு வருடமாக எந்த மாற்றமும் இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி ஒருவர் அதை ஒரே நிமிடத்தில் விழுத்திவிடுவார், பக்கத்தில் இருந்த உண்மையான வேதனையும் அதோடு விழும். ‘பிரஜாவுரிமை கிடைத்த பின்னும், ஆய்வு செய்த இரு கணக்குகளிலும் 40 குடும்பங்களில் 31 குடும்பங்கள் லயத்திலேயே வசிக்கின்றன’ என்ற மாதிரியான வாக்கியத்தை யாராலும் விழுத்த முடியாது.

வைவா எனும் வாய்மொழிப் பரீட்சையில், எழுத்தில் காத்த எல்லை வாயில் நழுவும். ‘இது எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்துமா?’ என்று பரீட்சகர் கேட்டதும், ‘ஆமாம் சேர், எங்கேயும் இப்படித்தான்’ என்று வந்துவிடும். அடுத்த கணம் அவர், ஆய்வின் எல்லைகளை நீங்களே எழுதியிருக்கும் வரையறைகள் பக்கத்தைத் திறப்பார். முக்கியமான ஐந்து கண்டறிதல்களை வினைமுடிவோடு சேர்த்து முந்தின நாள் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அந்தக் கேள்விக்கு, ‘என் தரவு இரண்டு கணக்கோடு நிற்கிறது, இதே போன்ற கம்பனித் தோட்டங்களில் ஒத்த நிலை இருக்கக்கூடும், சிறுதோட்டங்களைப் பற்றி இதை வைத்துச் சொல்ல முடியாது’ என்பது போதுமான பதில். வரையறைகள் பக்கத்தில் ஒரு நிறத் தாளை ஒட்டி வைத்தால், அவர் திறக்குமுன் நீங்களே திறந்து காட்டலாம்.