பத்தாயிரத்துக்கு எத்தனை டிரேடு தாங்கும்?

யூடியூபில் கிரிப்டோ டிரேடிங் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கில் வந்து நிற்பார்கள். நூறு ரூபாய் ரிஸ்க் எடு, இருநூறுக்குக் குறி வை, பத்தில் நாலு ஜெயித்தாலே நீ லாபத்தில் இருப்பாய். நாலு இருநூறு எண்ணூறு. தோற்ற ஆறுக்கு அறுநூறு போனாலும் கையில் 200 மிச்சம். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அது ஈரோட்டில் செல்லாது. ஈரோடு என்ன, இந்தியாவில் வரி கட்டும் யாருக்கும் செல்லாது.

நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வருமான வரி ரிட்டர்ன் போடுகிறவள். கிரிப்டோவில் என் முதல், சீட்டுப் பணத்தில் தனியாக எடுத்து வைத்த 10,000 ரூபாய். அதற்கு மேல் போட்டதில்லை, போடும் எண்ணமும் இல்லை. சிலர் நாலு வருஷம் டிரேடு செய்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு சட்டத்தைத் தேடுவார்கள். என் வேலையின் தயவில் எனக்குச் சட்டம் முதலில் வந்தது, சார்ட் பிறகுதான் வந்தது.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. சம்பளம் எந்த ஸ்லாபில் இருந்தாலும் இதுதான். எல்லோரும் இந்த 30-ஐப் பார்த்துத்தான் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய விஷயமே இல்லை. நஷ்டத்தை லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது என்று கூடவே ஒரு விதி இருக்கிறதே, ஆளைச் சாய்ப்பது அதுதான். இப்போது மேலே சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். ஜெயித்த 800-க்கு 249.60 வரி போக 550.40. தோற்றது 600. லாபம் என்று யூடியூப்காரர் சொன்ன இடத்தில் நமக்கு 49.60 கைநஷ்டம்.

ஜூலை மாதம் ஆபீஸில் இதை நேரில் பார்ப்பேன். காலேஜ் முடித்த பையன்கள், காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கிய ஷீட்டை பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் பின் தாங்காத தடிமனில் கொண்டுவருவார்கள். ஒரு தம்பி வந்திருந்தான். பதினைந்து நிமிட சார்ட்டில் வாங்கி விற்கிறவன். ஒரே மத்தியானத்தில் ஒரே காயினை வாங்கி, விற்று, மறுபடி வாங்கி, மறுபடி விற்றிருந்தான்.

“அக்கா, கூட்டிக் கழிச்சா மொத்தத்துல நஷ்டம்ங்க. அப்புறம் எதுக்குங்க டேக்ஸ்?”

“சட்டம் மொத்தத்தைப் பார்க்காது தம்பி. லாபத்துக்கு வித்ததை மட்டும் தனியா எடுத்து அதுக்கு வரி போடும். நஷ்டத்துக்கு வித்ததெல்லாம் உன்னோட சொந்தப் பாடு.”

கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை எந்த வீடியோலயும் சொல்லலைங்க்கா” என்றான். சொல்ல மாட்டார்கள். அமெரிக்காக்காரர் போட்ட வீடியோவைத் தமிழில் சொல்கிறவர்களுக்கு கிரிப்டோ கணக்குக்கென்றே அட்டவணை விடிஏ என்று நம் ரிட்டர்னில் ஒன்று இருப்பதே தெரியுமோ என்னவோ. வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை எல்லாம் அதில் போய் உட்கார வேண்டும். கிரிப்டோ விற்றவர் சுலபமான ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1 போடவும் முடியாது.

அடுத்தது டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ளும் வரி. 2022 ஜூலை 1 முதல் விற்கும்போதெல்லாம் 1 சதவீதம் பிடிக்கிறார்கள். லாபத்தில் அல்ல, விற்ற தொகையில். இது தொலைந்துபோகும் பணம் இல்லை, நம் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்-இல் ஏறும், ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்பி வரும். ஆனால் அதுவரை அது உங்கள் கையில் இல்லை. 10,000 ரூபாய் முழுவதையும் திரும்பத் திரும்பச் சுற்றினால், விலை ஒரு பைசா நகராவிட்டாலும், ஐம்பதாவது விற்பனையில் சுமார் 6,050 ரூபாய்தான் சுழலும். காயினுக்குக் காயின் மாற்றினால் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் பிடித்தம் உண்டு. பெரிய முதல் வைத்திருப்பவருக்கு இது ஒரு தொல்லை. பத்தாயிரத்துக்காரருக்குச் சாப்பாட்டிலேயே கை வைப்பது.

அப்புறம் எக்ஸ்சேஞ்ச் கட்டணம். நான் இருக்கும் இடத்தில் ஒரு பக்கத்துக்கு அரை சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 0.59. சின்ன எண்ணாகத்தான் தெரியும். என் விதி, ஒரு டிரேடில் மொத்த முதலிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் நஷ்டமாகப் போகக்கூடாது என்பது. பத்தாயிரத்தில் 100 ரூபாய். ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டம் போதும் என்று விற்றுவிடும் விலை, 5 சதவீதம் கீழே என்றால் 2,000 ரூபாய்க்கு வாங்கலாம். அந்த 2,000-க்கு வாங்க 11.80, விற்க ஏறத்தாழ இன்னொரு 11.80. நூறு ரூபாய் ரிஸ்க் எடுக்கும் டிரேடுக்கு 23.60 வாசல் கட்டணம்! வரிக்கணக்கில் அதையாவது கழிக்கலாமா என்றால், வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் சட்டம் செலவாக ஏற்காது.

அதனால்தான் நான் குறியை 1:3-க்குத் தள்ளினேன். நூறு போகலாம், வந்தால் முன்னூறு. பத்தில் நாலு ஜெயித்தால் 1,200. வரி 374.40 போக 825.60. தோற்ற 600 போக 225.60. பத்து டிரேடு கட்டணம் 236. பார்த்தீர்களா, இப்போதும் பத்து ரூபாய் உதைக்கிறது.

இங்கேதான் விடை கிடைத்தது, அதுவும் நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. ஸ்டாப்பை 5-லிருந்து 10 சதவீதத்துக்கு அகலப்படுத்தினால், அதே நூறு ரூபாய் ரிஸ்குக்கு 1,000 ரூபாய்க்குத்தான் வாங்க முடியும். தொகை பாதியானதும் கட்டணமும் பாதி, டிடிஎஸ்ஸும் பாதி. பத்து டிரேடுக்கு 118. மிச்சம் சுமார் 107 ரூபாய். பிளஸ்ஸில் வந்துவிட்டது. ஸ்டாப்பைக் கிட்டே வைப்பதுதான் ஒழுங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். சின்ன முதலுக்கு நம் ஊர் வரியில் அது நேர்மாறு. தள்ளி வை, கம்மியாக வாங்கு, பொறுமையாக இரு.

பொறுமையாக இருப்பது இதில் குணநலன் சம்பந்தப்பட்டதே இல்லை. 10 சதவீத ஸ்டாப்புக்கு 1:3 என்றால் விலை 30 சதவீதம் ஏற வேண்டும். பிட்காயின் அதைச் செய்யும், ஆனால் மத்தியானத்துக்குள் செய்யாது. வாரமாகும், மாதமாகும். அதனால் நான் வார சார்ட்டை மட்டும் பார்க்கிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்ட பிறகு. போனில் விலை அலர்ட் எதுவும் இல்லை. பங்குச் சந்தை மாதிரி இந்தச் சந்தைக்கு மூன்றரை மணிக்கு மூடும் வழக்கமும் இல்லை, விலை அதிகம் ஏறினாலோ விழுந்தாலோ தடுத்து நிறுத்தும் சர்க்யூட்டும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடும். முழித்துக்கொண்டு பார்த்தால் அது கூடுதலாக எதுவும் தரப்போவதில்லை.

கடன் வாங்கி, முதலைப் போல் பல மடங்குக்கு டிரேடு செய்யும் லிவரேஜ் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பத்து மடங்கு எடுத்தால் விலை 10 சதவீதம் எதிரே போகும்போது முதல் காலி. 2020 மார்ச் 12, 13-இல் பிட்காயின் இரண்டு நாளுக்குள் ஏறத்தாழ பாதியாக விழுந்தது. அந்த மாதிரி நாளில், ஒரு விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் போட்டு வைக்கும் ஸ்டாப்-லிமிட் ஆர்டர்கூட நம்பத்தகாது. விலை லிமிட்டைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு டிரேடில் நான் வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிடிஎஸ்ஸுக்குப் பயந்து டெலிகிராமில் ஆள் பிடித்து பி2பி-யில், அதாவது எக்ஸ்சேஞ்ச் நடுவில் இல்லாமல் ஆளுக்கு ஆள் நேராக, விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவன் அனுப்பிய பணம் எங்கோ நடந்த மோசடிப் பணமாக இருந்தால், சைபர் கிரைம் கடிதம் நம் பேங்குக்கு வரும், சம்பளக் கணக்கு முடங்கும். பத்து ரூபாய் பிடித்தத்தை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டு லோன் தவணை பவுன்ஸ் ஆவது தேவையா? அதே சமயம், உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் என்றால் பத்திரம் என்றும் இல்லை. 2024 ஜூலை 18-இல் வாஸிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலான காயின்கள் களவுபோயின. காயின் வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் எடுக்க வழியில்லாமல் காத்திருந்தார்கள். ஓடும் டிரேடு இல்லாத நேரத்தில் என் பணம் எக்ஸ்சேஞ்சில் இருக்காது, பேங்குக்கு வந்துவிடும்.

எல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஏன் வாங்கினேன், எங்கே தப்பு என்று ஒப்புக்கொள்வேன், கட்டணம், டிடிஎஸ். ‘ஏன்’ என்ற கட்டத்தை வாங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். “எல்லாரும் வாங்குறாங்க” என்று எழுதப் பேனா வராது, அதுவே பாதி டிரேடுகளைத் தடுத்துவிடுகிறது.

கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியலும் உண்டு: வாங்காமல் விட்டவை. 2024 டிசம்பர் 5-இல் பிட்காயின் முதல்முறையாக 1 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைக்கு என் சித்தி பையன் போனில், “அக்கா, இப்ப விட்டா இனி கிடைக்காதுங்க்கா” என்று ஒரே பிடி. வாங்கவில்லை, நோட்டில் மட்டும் குறித்தேன்: ஸ்டாப் 90,000, குறி 1,30,000. 2025 ஏப்ரலில் விலை 75,000 பக்கம் வரை போனது. அக்டோபரில் 1,26,000-ஐத் தொட்டது. ஆக ஸ்டாப் அடித்திருக்கும், அதன் பிறகான ஏற்றமும் குறியை எட்டவில்லை. நூறு ரூபாயும் கட்டணமும் மிச்சம். அவனிடம் காட்டினேன். “அப்ப ஏப்ரல்ல வாங்கியிருக்கலாமேங்க்கா” என்கிறான். ஏப்ரல் வரிசையும் நோட்டில் இருக்கிறது, அதையும் நான் வாங்கவில்லை. அது கொஞ்சம் எரிச்சல்தான்.