மாத்திரை வீடு தேடி வருகிறது, பரிசோதனையை நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது

அம்மாவுக்குப் பல வருடமாகச் சுகரும் பிரஷரும் இருக்கிறது. கோத்தகிரிக்குக் கீழே எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறார். கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்துவிட்டது, பஸ் நிற்கும் இடம் வரை மேடேறுவதே பெரும்பாடு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சுகருக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் கொடுக்கிறார். மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து வருகிறார். அவர் வராவிட்டால் அம்மா பாதி நாள் மாத்திரை இல்லாமல்தான் இருந்திருப்பார்.

ஆனால் மாத்திரை தவறாமல் வந்ததில், டாக்டரிடம் போவது நின்றுவிட்டது. கால் வீக்கம் தெரிந்தபோது அம்மாவின் நோட்டைப் புரட்டினேன். சுகர், பிரஷர் அளவுகள் இருந்தன, சிறுநீரகப் பரிசோதனை எங்கேயும் இல்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்ட ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று வரும் எண் 45க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்கப் பார்க்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன், அவர் நர்ஸிடம் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போனபோது டாக்டர் முகாம் வேலையில் இருந்தார். முழங்கால் வலியோடு பஸ்ஸில் வந்த அம்மாவைத் திருப்பி அழைத்துப் போனது எனக்கு ஆறவே இல்லை. அப்புறம் நர்ஸே டாக்டரும் லேப் ஆளும் ஒன்றாக இருக்கும் நாளைப் போனில் சொன்னார். யாராக இருந்தாலும் கிளம்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நோட்டு, ஆதார், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், இவ்வளவும் எடுத்துப் போனோம். அட்டைகள்தான் கைகொடுத்தன. மெடிக்கலில் முழங்காலுக்கு வாங்கிய டைக்ளோஃபினாக்கைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்தார். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். அம்மாவுக்கு அது "வலி மாத்திரை", வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டிய மருந்தாகவே தோன்றவில்லை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூடியிருந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமால் கொடுத்து, மெட்ஃபார்மினைப் பாதியாக்கினார்.

இதை அந்த டாக்டர் கொடுத்த நேரத்தால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. தலையை எண்ணினால் சலுகைதான். ஆனால் எங்கள் பக்கம் அடுத்த லயனுக்கே ஒரு பள்ளம் இறங்கி ஏற வேண்டும். டாக்டர்களும் மேற்படிப்புக்கோ மாறுதலிலோ கிளம்பிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவரிடம் அம்மாவின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். படிக்கப் போவதைத் தப்பு சொல்ல முடியாது, ஆனால் போகிறவரின் இடம் காலியாகக் கிடக்கக் கூடாது.

அடுத்த பரிசோதனைத் தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதி வாங்கிவிட்டோம். அக்காவும் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் மெடிக்கலில் வாங்கிய மாத்திரையையும் எடுத்துக் காட்டச் சொல்கிறார்.