கிளினிக்கில் எடுத்த இரத்தமும் மாமி எடுத்த ஃபோன் கோலும்

கர்ப்பம் என்று மிட்வைஃபிடம் பதிந்தது, கிளினிக் கார்ட் கிடைத்தது, நிறை, பிறஷர் பார்த்தது எல்லாம் சுகமாகவே முடிந்தது. பிரச்சினை இரத்தம் எடுத்ததில்தான். எதெதற்கு எடுக்கிறீர்கள் என்று இரத்தம் எடுத்தவரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் எடுக்கிறதுதான் பிள்ளை, கையை நீட்டுங்கோ" என்றார். வாங்கில் நிறைய ஆட்கள், அவருக்கும் அவசரம்தான், ஆனாலும் வி.டி.ஆர்.எல் (சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கான பரிசோதனை), எச்.ஐ.வி இரண்டும் பார்க்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

அப்புறம் கிளினிக்கிலிருந்து வீட்டு நம்பருக்கு ஒரு கோல். நான் வேலையில், மாமி எடுத்திருக்கிறா. "உங்கட மருமகளின்ர எச்.ஐ.வி இரத்தம் திரும்ப எடுக்கவேணும், வரச் சொல்லுங்கோ" என்றுவிட்டு வைத்துவிட்டார்கள். மாமி ஒன்றும் கேட்கவில்லை, சாப்பாடு போட்டுத் தந்தா, என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இவரும் நானும் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டால், குழாயில் ஒட்டிய லேபிளில் இலக்கம் அழிந்துவிட்டதாம். அதை அந்தக் கோலிலேயே சொல்லியிருக்கலாம், அதுவும் எனக்குச் சொல்லியிருக்கலாம்! இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் பகுதி மிட்வைஃபைத்தான் கும்பிடவேண்டும். வீட்டுக்கு வந்தவர் முதலில் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமிக்கு முன்னால கதைக்கலாமோ?" என்று கேட்டார். சரி என்றேன். தாய்க்கு எச்.ஐ.வி இருந்தால் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்குத் தொற்றலாம், சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்கு வரக்கூடும், நேரத்துக்கு மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும், அதனால்தான் ஆரையும் சந்தேகப்படாமல் எல்லாத் தாய்மாருக்கும் பார்க்கிறோம் என்று மாமிக்கு விளங்கச் சொன்னார். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி, சிபிலிஸ் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்ததும் இந்தப் பரிசோதனையை விடாமல் செய்ததால்தான் என்றார். மாமியின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

இனிப் போகிறவர்களுக்கு: கார்டில் உங்கள் சொந்தக் கைபேசி இலக்கத்தை மட்டும் எழுதுவியுங்கள். என்னென்ன பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள், பதில் வந்தபிறகு கையை நீட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் பிள்ளைக்காகச் செய்துகொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். திரும்ப இரத்தம் கேட்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, முதல் பரிசோதனையில் ஏதும் காட்டினாலும் உறுதிப்படுத்தும் பரிசோதனை முடியும்வரை அது முடிவில்லை. முடிவு உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டியது. கோலைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரியிடமே போய்ச் சொன்னேன், முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கு இல்லை என்று வந்துவிட்டது. முதல் பரிசோதனைக்குப் பிறகு கர்ப்பகாலத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூட என்று மிட்வைஃப் சொன்னதால் இவரும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.