வீட்டுப்பள்ளி நாட்குறிப்பு: தண்ணீர்ப் பாடம்

2024 ஜனவரி 3, புதன்

சிங்கப்பூரில் பள்ளிகள் நேற்றுத் திறந்துவிட்டன. விடிவதற்கு முன்பே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பள்ளிப் பேருந்துகள் வந்து நின்றன. எங்கள் வீட்டில் ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் புத்தகங்கள் விரிந்தன. இவ்வாண்டு மேசையில் இரண்டு பேர். மகள் தொடக்கநிலை ஐந்துக்குரிய பாடங்களைப் படிக்கிறாள்; தொடக்கநிலை ஒன்றுக்குரிய வயதை எட்டிய மகனுக்கும் கல்வி அமைச்சு விலக்களித்துவிட்டது.

அது என்ன விலக்கு என்று தென்காசியிலிருந்து உறவினர்கள் கேட்கிறார்கள். 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, இங்கு வாழும் சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகள் தேசியத் தொடக்கப்பள்ளிக்குச் சென்றாக வேண்டும். வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் அமைச்சிடம் விலக்குப் பெற்று, ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். பிறகு பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, தேசியப் பள்ளி மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 33 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தைப் பெற வேண்டும். மகளுக்கு அது அடுத்த ஆண்டு. ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்னும் நான்கு பாடங்களில் தமிழ் ஒன்றுதான் தமிழில். மற்ற மூன்றும் ஆங்கிலத்தில். தேர்வை மட்டும் நினைத்து நடத்தினால் வீட்டுப்பள்ளியிலும் தமிழ் ஒரு மணி நேரப் பாடமாகச் சுருங்கிவிடும் என்பதுதான் என் கவலை.

2024 ஜனவரி 17, புதன்

பொங்கலன்று லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கூட்டத்துக்கு நடுவே நடந்தபோது பிள்ளைகள் இருவரும் எனக்கு முன்னால் பேசிக்கொண்டே போனார்கள். என் பக்கம் திரும்பும்போது தமிழ். தங்களுக்குள் முழுக்க ஆங்கிலம். கரும்பை யார் தூக்கி வருவது என்ற சண்டையும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இத்தனைக்கும் நாங்கள் வீட்டில் தமிழ் தவிர வேறு பேசுவதில்லை.

வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 ஆகக் குறைந்தார்கள். அதே பத்து ஆண்டுகளில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. ஆட்சிமொழி என்ற தகுதி, தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, வானொலி, தொலைக்காட்சி என இங்குள்ள ஆதரவு புலம்பெயர்ந்த தமிழர் வாழும் வேறு பல நாடுகளில் கிடைக்காதது. ஆனால் பெற்றோர் பேசும் மொழியைப் பிள்ளைகள் புரிந்துகொள்வது வேறு, உடன்பிறந்தவரோடு அதிலேயே வாதாடுவது வேறு. வாதாடுவதற்குத் தமிழில் விஷயம் வேண்டும். ஆகவே இந்தக் காலாண்டில் அறிவியலில் நீர்ச் சுழற்சி முழுவதையும் தமிழில் நடத்தப்போகிறேன். இருவரும் சேர்ந்தே படிக்கட்டும். தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்க ஏழு வயது போதும்.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

தமிழ்நாட்டுப் பாடநூல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாடம் நடந்தது அடுக்களையில். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்து, சூடு ஆறும் முன்பே மகளிடம் காட்டினேன். உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர். சாய்த்ததும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பில் வழிந்தன.

“மூடிக்கு மேல தண்ணியே ஊத்தலையே, எப்படி வந்துச்சு?” என்று தம்பி கேட்டான்.

“கீழ கொதிக்குதுல்ல, அது ஆவியாகி மேல போகுது. மூடி அத விடச் சூடு கம்மி. அதுல பட்டதும் திரும்பத் தண்ணியாயிடுது.”

அக்கா சொன்ன விளக்கத்தில் நான் திருத்த ஒன்றுமில்லை. ஆவி சுருங்குதல் என்று அதற்குப் பெயரிட்டது மட்டும்தான் என் வேலை. அப்படியானால் குளிர்ந்த பால் பொட்டலத்தின் வெளியே வியர்ப்பது ஏன் என்று அவளே அடுத்துக் கேட்டாள். அதற்கும் பதிலை அவளே கண்டுபிடித்தாள்.

தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவள் தடுமாறிவிடுவாளோ என்று என் கணவர் நேற்று இரவு கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் பேசி முடித்த பாடத்தை மறுநாள் காலை ஆங்கிலத்தில் எழுதவைப்பது என்று முடிவு செய்தோம். கருத்து பிடிபட்டபின் ஆங்கிலச் சொற்கள் சில நிமிட வேலைதான்.

2024 பிப்ரவரி 24, சனி

மரினா அணைக்கட்டுக்கு இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு போய் வந்தோம். அவர்கள் இந்தியக் குடிமக்கள். கட்டாயக் கல்விச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. கோயம்புத்தூர் திரும்பும் எண்ணத்தில், இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிள்ளைகளைத் தேர்வெழுதவைக்கிறார்கள். அந்தத் தோழி தமிழுக்கென்று தனி நேரமும் பயிற்சி நூலும் வைத்திருக்கிறார். எழுத்துப் பிழை குறைய அது உதவும். பேச்சு வளர அது போதாது என்றே நான் கருதுகிறேன், அவரிடமும் சொன்னேன்.

2008இல் திறக்கப்பட்ட இந்த அணைக்கு ஒன்பது மதகுகள். கனமழையின்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் மதகைக் கீழிறக்கி உபரி நீரைக் கடலில் விடுகிறார்கள். கடல் ஏற்றத்தில் இருந்தால் மதகைத் திறக்க முடியாது, ஏழு பெரிய இறைப்பிகள் நீரை வெளியேற்றுகின்றன. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் வருகிறது.

மாலையில் காணொளி அழைப்பில் ஆச்சிக்கு இதையெல்லாம் பிள்ளைகள் சொன்னார்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இம்புட்டுத் தண்ணியையும் கடல்ல விட்டுட்டா, குடிக்கதுக்கு என்னல செய்வீங்க?” என்று பேரனைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் விடுவதில்லை, மிஞ்சியதை மட்டும்தான் என்று அவன் தொடங்க, அக்கா இடைமறித்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தண்ணீரையும் 1962இல் போட்ட ஒப்பந்தம் 2061 வரை செல்லும் என்பதையும் சொல்ல, “நான்தான் சொல்லிட்டு இருக்கேன், நீ பேசாத” என்று அவன் அவளிடம் சீறினான். தமிழில். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர், கடல்நீரைக் குடிநீராக்குவது என்று வாதம் நீண்டது; ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் யாராலும் மொழி மாற முடியவில்லை.

2024 மார்ச் 8, வெள்ளி

காலாண்டு முடிகிறது. இறுதித் தேர்வின் தமிழ்த் தாளில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் வாய்மொழிக்கு 50, கேட்டலுக்கு 20. வாய்விட்டு வாசிப்பது எழுத்துத்தமிழ், ஆனால் உரையாடலில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இங்கே முழு மதிப்புண்டு. மேடைத்தமிழை மனப்பாடம் செய்வித்துப் பிள்ளைகளைத் திக்கவைக்காத இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு காணொளியைக் காட்டி மகளிடம் கருத்துக் கேட்டபோது, காரணம், எடுத்துக்காட்டு, மறுப்பு என்று தடையில்லாமல் பேசினாள். கட்டுரையில் ல, ள, ழ பிழைகள் இன்னும் குறையவில்லை. அதற்குத் தோழியிடமிருந்து பயிற்சி நூலை வாங்கியிருக்கிறேன்.

அக்காவும் தம்பியும் விளையாடும்போது இன்னமும் ஆங்கிலம்தான். பாடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழ் வருகிறது. அந்த எல்லையை விரிக்க ஆச்சியின் அழைப்பைச் சனிக்கிழமை என்றில்லாமல் வாரம் மூன்று மாலைகளாக்கியிருக்கிறோம்.

அடுத்த காலாண்டுக்கு மின்சாரம். மின்பணியாளரான என் கணவர் அந்தப் பாடத்தைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மின்கலம், கம்பி, சிறு விளக்கு, நிலைமாற்றி எல்லாம் வாங்கிவந்து பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். வேலை முடிந்து வந்தபின் இரவு எட்டு மணிக்கு வகுப்பு.