சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு: ஏரியாவை விடத் தெரு முக்கியம்

"மடிப்பாக்கம் நல்ல ஏரியாவா?", "போரூர் எப்படி?" என்றுதான் சென்னைக்கு வேலை மாறி வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். இதற்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் தரை காய்ந்துவிடும், நாலு தெரு தள்ளி இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு தெருவுக்குக் குழாயில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் தண்ணீர்) வரும், அடுத்த தெருவுக்கு லாரிதான். ஏரியாவை முடிவு செய்ய அரை நாள் போதும். மீதி நேரம் முழுவதும் தெருவுக்கும் கட்டடத்துக்கும் போகட்டும்.

அந்த அரை நாளில் பார்க்க வேண்டியது ரயில் பாதை. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வரை ஒரு புறநகர்ப் பாதை, சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணத்துக்கு ஒன்று, கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று, கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், தரமணி வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில், இவற்றோடு மெட்ரோ. அலுவலகம் இவற்றில் எதன் அருகில் இருக்கிறதோ, அந்தப் பாதையில் எங்கே வேண்டுமானாலும் வீடு தேடலாம். டைடல் பார்க்கில் வேலை என்றால் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மந்தைவெளியில் குடியிருந்தாலும் வேளச்சேரியில் குடியிருந்தாலும் வண்டி எடுக்கத் தேவையில்லை. கிண்டியில் வேலை என்றால் இன்னும் நல்லது, மின்சார ரயிலும் மெட்ரோவும் இரண்டுமே உண்டு.

சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி பக்கம் வேலை என்றால் கணக்கு வேறு. மாதவரம்–சிப்காட் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிற ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) தூரத்தை கிலோமீட்டரில் அளப்பதில் பயனில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் அலுவலகத்தை ஒட்டியே வீடு எடுப்பது நல்லது. கணவன் ஓ.எம்.ஆரிலும் மனைவி அம்பத்தூரிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் நடுவில் ஒரு இடம் பிடிக்கப் பார்ப்பார்கள். இருவருமே அவதிப்படுவதுதான் பெரும்பாலும் மிஞ்சும். கம்பெனி பஸ் யாருக்கு இருக்கிறதோ அவர் தூரமாகப் போவதும், இல்லாதவருக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதும் தாக்குப்பிடிக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் சேருகிறவர்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களின் பட்டியலை வாங்கிவிட்டே வீடு தேடத் தொடங்க வேண்டும்.

போக்குவரத்தை ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்ப்பது வீண். செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரைக்கு வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலகக் கதவு வரை போய்ப் பாருங்கள். மாலை ஆறரைக்குத் திரும்பி வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசி ஒன்றரை கிலோமீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அந்த வழியில் ஷேர் ஆட்டோ ஓடுகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பதை நேரில் போனால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடிக்கடி சொந்த ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்ட பஸ்ஸுக்கு வண்டலூர் தாண்டிப் போக வேண்டும். மதுரை, திருநெல்வேலி ஆட்களுக்குத் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் வீடு கிடைத்தால் வெள்ளிக்கிழமை இரவுகள் எளிதாகும். கோவை, சேலம் போகிறவர்களுக்கு சென்ட்ரலை எட்டும் தூரம் முக்கியம்.

இனி தண்ணீர். வீட்டு ஓனரிடம் "தண்ணி பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணி நேரம்? போர்வெல் எத்தனை அடி, மே மாதத்தில் வற்றுமா? போன ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை லாரி வாங்கினீர்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள் வருமா, தனியா? சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தொட்டி) எத்தனை லிட்டர்?

கடைசிக் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுவது வழக்கம். நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். இருபது வீடுள்ள அடுக்ககத்துக்கு ஒரு நாளைக்கு 10,800 லிட்டர், ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் தனியார் லாரி. சம்ப் பத்தாயிரம் லிட்டர்தான் என்றால் அந்தக் கட்டடத்தில் ஒரு நாள் இருப்புகூடக் கிடையாது. லாரி ஒருநாள் வராவிட்டால் மேல்மாடிக் குழாயில் காற்றுதான் வரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் குழாய் இணைப்பும் இல்லாமல் போரும் வற்றிப்போன கட்டடங்கள் முழுக்க லாரியை நம்பித்தான் ஓடின. பழைய குடித்தனக்காரர் யாராவது இருந்தால், "2019-ல் என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கட்டடத்தின் நிலை முழுக்க அந்தப் பதிலில் வந்துவிடும்.

போர் தண்ணீரின் தரத்துக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குடிப்பதற்குக் கேன் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கீசர் காயிலில் உப்புப் படியும், ஷவரில் துளைகள் அடைத்துக்கொள்ளும். மீட்டர் கையில் இல்லையென்றால் குளியலறைக் குழாயின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டிப் படிவு இருந்தால் உப்பு. தரை டைல்ஸிலும் பக்கெட்டிலும் பழுப்புக் கறை இருந்தால் இரும்பு. அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடும்.

பாதாளச் சாக்கடை இணைப்பையும் கேளுங்கள். நகரத்தின் விளிம்பில் இன்னும் பல இடங்களில் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது டேங்க் நிரம்பித் தரைத்தளக் கழிப்பறையில் எதிர்த்துக்கொண்டு வரும்.

தண்ணீர் இல்லாத சென்னையைப் போலவே தண்ணீரில் நிற்கும் சென்னையும் உண்டு. வெள்ளம் மூன்று வழியில் வருகிறது. ஒன்று ஆறு: 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் மூழ்கின. இரண்டு, சதுப்பும் ஏரியும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை, பள்ளிக்கரணை சதுப்புநிலம் சுற்றியுள்ள பல ஏரிகளின் வடிகால். மூன்றாவது வடிகால் அடைப்பு. இது எந்தத் தெருவிலும் நடக்கும். முதல் இரண்டும் வரும் இடத்தில் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். முதல் மாடியிலும் யோசியுங்கள், ஏனென்றால் வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் மின்சாரம், லிஃப்ட், சம்ப், வண்டி நான்கும் கீழேதான் இருக்கின்றன. சாக்கடை கலந்த சம்பைக் கழுவி முடிக்கும்வரை மேல்மாடிக்கும் தண்ணீர் இல்லை.

இடத்தின் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஏரி, தாங்கல் என்று பெயரில் இருந்தால் அங்கே தண்ணீர் நின்ற வரலாறு உண்டு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, அங்கும் ஏரி இல்லை. மீதியைச் சுவர் சொல்லும். காம்பவுண்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் கிடைக்கோடாக ஒரு கறை இருக்கிறதா? சுவரில் கீழ் மூன்று அடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா? மின் மீட்டர் பெட்டியை வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்களா? வாசலில் தடுப்புப் பலகை சொருகக் காடி இருக்கிறதா? சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே பலமுறை ரோடு போட்டதால் பல பழைய வீடுகள் தெருவை விடத் தாழ்ந்துவிட்டன. கேட்டுக்குள் நுழையும்போது ஒரு படி இறங்க வேண்டியிருந்தால் அந்தத் தரைத்தளத்தை விட்டுவிடுங்கள்.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும், தண்ணீர் கேன் போடும் பையனிடமும், மளிகைக் கடை அண்ணாச்சியிடமும் "2015-ல் இங்கே எது வரைக்கும் வந்தது, 2023-ல் எது வரைக்கும்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள், அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் காத்திருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு: கனமழை பெய்த மறுநாள் காலை போய் நின்றால் யாரையும் கேட்கவே வேண்டாம்.

வெயில் விஷயம் சுருக்கமாக. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு இரவு பதினொரு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேலே குளிர்ச்சி டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ இருக்கிறதா என்று மாடி ஏறிப் பாருங்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஜன்னல் இருந்து, அதை அடுத்த கட்டடம் அடைக்காமலும் இருந்தால் ஏ.சி. ஓடும் நேரம் குறையும்.

அது நேராக மின்கட்டணத்தில் தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான விலையும் சேர்ந்து ஏறும். வீட்டுக்குத் தனி இணைப்பு இல்லாமல் சப் மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஓனர் வசூலித்தால் அந்த இலவசமும் குறைந்த விலைப் படிகளும் உங்களுக்குக் கிடைக்காது. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறது என்று மயங்கும் முன் இதைக் கணக்குப் போடுங்கள். தனி இணைப்பு என்றாலும் ஒரு சோதனை உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஓடினால் பொது மோட்டாரோ மாடிப்படி விளக்கோ உங்கள் இணைப்பில் இருக்கிறது.

நேரில் போகும் முன் போனிலேயே கேட்டுவிட வேண்டியவை சில: அசைவம் சமைக்கலாமா, இரவு கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுப்பார்களா, காருக்கு இடம் உண்டா. இவற்றை நேரில் போய்த் தெரிந்துகொண்டு மனம் நோவதில் அர்த்தமில்லை.

அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம், இப்போதும் கேட்கிறார்கள். 20,000 வாடகைக்கு இரண்டு லட்சம் முடங்கும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும். அதனால்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேரம் பேச வேண்டும். பின்னால் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அதே சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும் என்கிறது. தகராறு வந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

அக்ரிமென்டில் நான்கு வரிகள் தெளிவாக இருக்கட்டும்: வாடகை எப்போது, எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னறிவிப்பு, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை வருடம் இருந்தால் பிடிக்க மாட்டார்கள், அட்வான்ஸ் எந்த நாளில் திரும்ப வரும். "சாவி கொடுக்கும் அன்றே" என்று எழுதி வாங்குங்கள். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்பதை ஒப்புக்கொண்டால் அடுத்த வீட்டுக்கான அட்வான்ஸுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரிச்சலுகைக்கு ஓனரின் பான் எண் தேவைப்படும். தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

எந்த மாதத்தில் தேடுவது என்பதும் பணம்தான். பள்ளி மாற்றம் காரணமாக ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அதிகம், ஓனர்கள் இறங்க மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பலர் குடிபோக மாட்டார்கள். காலியான வீடு அந்த மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும். ஆடியில் தேடி, பேசி முடித்து, ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை என்று ஒப்புக்கொள்ளச் செய்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. வேலையில் சேரும் நாள் அதற்கு முன்பே வந்துவிட்டால் ஒரு மாதம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் மேன்ஷனிலோ விடுதியிலோ தங்குங்கள். செயலியில் படம் பார்த்து வெளியூரிலிருந்தே அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். வீட்டைப் பார்க்கும் முன் "டோக்கன்" கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்கும் முன், காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள்: சுவர் விரிசல், கதவுக் கீறல், உடைந்த டைல்ஸ், மின் மீட்டரின் எண். அதை அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் பாலைக் காய்ச்சுங்கள்.